மடியே முதற் பள்ளி

அடுக்களையிலே குழந்தை அகப்பையால் சட்டியைத் தட்டுகின்றது. தாய் ஓடிவந்து சட்டியைப் பறித்து வைக்கின்றாள். மாங்கேணியிலும் இதுதான் நிகழ்கின்றது, எவ்வூரிலும் இதுதான். சட்டி தப்பியது, ஆனால், தடைப்பட்டது யாதென நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் 2005 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமின்றி ஒலிக்கும் தாளமொன்றைக் கேட்பித்து, சிலரை இரண்டாம் அடிதோறும், சிலரை மூன்றாம் அடிதோறும் ஏந்திக் குலுக்கினர். பின்னர் இருவகைத் தாளத்தையும் அழுத்தத்துடன் ஒலிப்பித்தபோது, குழந்தைகள் தம் உடல் அறிந்த தாளத்தையே நெடுநேரம் விரும்பிக் கேட்டன. பிறர் அசைவதைப் பார்த்திருந்த குழந்தைகளிடம் இவ்விளைவு தோன்றவில்லை. செவி, உடலின் வழியே பயில்கின்றது என்பது இதனாற் புலனாகும். தொலைக்காட்சியின் முன் இருத்திவிடுதல் இசைப்பயிற்சி ஆகாது.

ஜப்பானிய வயலின் ஆசிரியர் சுசுக்கி (1898–1998) தாய்மொழி பயிலும் முறையிலேயே இசையையும் பயிற்றலாம் என்றார். அவர் முறையில், முதலில் வில்லைப் பிடிக்கப் பழகுபவர் பெற்றோர். அதனைக் கண்டு, தனக்கும் வேண்டுமெனக் குழந்தை கேட்கும்.

மட்டக்களப்பாருக்கு இது புதுமையன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிலே அண்ணாவியாரின் மத்தளத்தையும் சல்லரியையும் தந்தையின் மடியிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர். தாளக்கட்டு, கைக்கு வருமுன் அவர்கள் நாவுக்கு வந்துவிடும்.

அம்மடி இன்று வெறுமையாகின்றது. மத்தளம் சுவரிலே தொங்குகின்றது. தொட்டாற் கெட்டுவிடும் என்கின்றோம். தொடாமல் வைப்பதனாலேயே கருவி கெடும். பண்டைத் தமிழர் கையிலிருந்த யாழ் வழக்கொழிந்தது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து அதன் இலக்கணத்தை ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலாகத் தந்தார். நூல் கிடைத்தது, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் கைப்பழக்கம் மீண்டதோ?

பெற்றோர் செய்யவேண்டுவது சிறிதே. நாள்தோறும் கால்மணி நேரம் குழந்தையோடு அமருங்கள். கிலுகிலுப்பையோ, சிரட்டையோ, சிறு பறையோ போதும். குழந்தை இருமுறை தட்டினால் நீங்களும் இருமுறை தட்டுங்கள். பின்பு மூன்றாக மாற்றிப் பாருங்கள். பிழை திருத்தாதீர்கள், சிரித்துக்கொண்டே மறுபடி தட்டுங்கள். உங்களுக்கு இசை தெரியாதெனக் கூச்சமும் வேண்டா. குழந்தையோடு சேர்ந்து நீங்களும் பயிலலாம்.

நாளைக்குச் சட்டி ஒலித்தால், பறிக்குமுன் ஒரு கணம் செவிகொடுங்கள். அங்கே ஒருவன் உங்கள் மறுமொழிக்காகக் காத்திருக்கின்றான்.