பெற்றோலில் எதனோல்: வியாபாரி பார்க்க வேண்டிய கணக்கு

தெமோதரையில் உள்ள என் ஹார்ட்வெயார் கடைக்கு ஒரு நாள் அஸருக்குப் பிறகு என் மூத்த சகோதரியின் மகன் வந்தான். பதுளையில் மொத்தமாகச் சாமான் எடுத்து, தோட்டங்களில் உள்ள சிறு கடைகளுக்குச் சவர்க்காரம், பிஸ்கட், தீப்பெட்டி போடுகிற பிள்ளை. பழைய மோட்டார் சைக்கிள் மலைப்பாதையில் மூச்சு வாங்குகிறது என்று, புதிய இந்திய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு 50,000 ரூபாய் முற்பணம் கட்டியிருந்தான்.

"மாமா, அந்த பைக் வேணாம் என்று சொல்லப் போறேன். அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை" என்றான்.

காரணம் கேட்டேன். வண்டியின் பெற்றோல் தாங்கி மூடிக்குப் பக்கத்தில் 'ஈ20' என்று ஒட்டியிருக்கிறதாம். எதனோல் கலந்த பெற்றோலுக்காகச் செய்த வண்டி அது, நம் நாட்டுப் பெற்றோலுக்கு ஒத்துவராது என்று ஒரு நண்பர் சொன்னாராம். எதனோல் எஞ்சினையே தின்றுவிடும் என்று இன்னொருவர் இந்தியச் செய்தியைக் கையடக்கத் தொலைபேசியில் காட்டினாராம். இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையைக் குழப்பிவிட்டார்கள்.

50,000 ரூபாய் என்பது அவனுக்குப் பல மாத இலாபம். "முற்பணத்தை விடுவதற்கு முன் இரண்டு நாள் பொறு, விடயத்தை விசாரிப்போம்" என்றேன். அப்படி விசாரித்ததையும் என் சொந்த அனுபவத்தில் கற்றதையும் வியாபாரச் சகோதரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் பட்ட பாடு

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று ஆரம்பித்தார்கள். கடையில் வாடகைக்குக் கொடுக்கும் ஜெனரேட்டர் ஒன்றும், புல் வெட்டும் மெஷின் இரண்டும் என்னிடம் இருந்தன. கிடைத்த பெற்றோலில் கொஞ்சத்தைப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக் கடையின் பின்புறம் தகரக் கொட்டிலில் வைத்தேன். அது ஆபத்தான வேலை என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

நமது பகுதியின் மழையும் பனியும் உங்களுக்குத் தெரியும். சில மாதங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டரை அனுப்பினேன். இரவு எட்டு மணிக்கு அது நின்றுவிட்டது. வாடகையும் போனது, பெயரும் கெட்டது. கராஜ் பாஸ் காபரேட்டரைக் கழற்றிப் பார்த்து, "முதலாளி, இப்போது பெற்றோலில் எதனோல் கலக்கிறார்கள், அதுதான்" என்றார். நானும் நம்பி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒரு நாள் அந்தக் கேனில் மிஞ்சியதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பார்த்தபோது, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது. கேனின் மூடி வெடித்திருந்ததை அப்போதுதான் கண்டேன். குற்றம் எதனோலில் இல்லை, என் கேனில் இருந்தது. விசாரிக்காமல் பழி சொன்னதற்கு வெட்கப்பட்டேன்.

எதனோல் என்ன செய்யும்?

எதனோல் என்பது கரும்புப் பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ புளிக்கவைத்து வடிக்கும் மதுசாரம். 100 லீற்றரில் 10 லீற்றர் அதுவாக இருந்தால் ஈ10. 20 லீற்றராக இருந்தால் ஈ20.

அதற்கு நல்ல குணமும் உண்டு. ஒக்டேன் அளவை அது உயர்த்துகிறது. அதனால் அதிக அழுத்தமுள்ள எஞ்சினில் 'டொக் டொக்' என்ற தட்டல் குறையும். ஆனால் அதில் சக்தி குறைவு. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. எதனோலில் சுமார் 21 மெகாஜூல்தான். ஆகவே ஈ10இல் ஏறத்தாழ 3 வீதமும், ஈ20இல் ஏறத்தாழ 7 வீதமும் சக்தி குறைகிறது.

அடுத்தது தண்ணீர். கலப்பில்லாத பெற்றோலும் தண்ணீரும் சேராது. தண்ணீர் அடியில் நிற்கும், வடித்து எடுத்துவிடலாம். எதனோல் தண்ணீரைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் எஞ்சினோடு எரிந்து போய்விடும், அது நன்மையே. அளவு மீறினால் தண்ணீரும் எதனோலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெற்றோலின் ஒக்டேனும் குறைந்துவிடும். அதை வடித்துச் சரிசெய்ய முடியாது, முழுவதையும் அகற்ற வேண்டியதுதான். தினமும் ஓடும் வண்டியில் இந்தப் பிரச்சினை வருவது அரிது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் ஜெனரேட்டர், புல் வெட்டும் மெஷின், தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றுக்குத்தான் இது வில்லங்கம்.

மூன்றாவது, பழைய வண்டிகளின் இறப்பர்க் குழாய்களும் வாஷர்களும் எதனோலில் ஊறி இளகிப் போகலாம். தாங்கியின் பழைய துருவையும் அழுக்கையும் அது கழுவி இறக்கி ஃபில்டரை அடைக்கும். அதற்கென்று செய்த புதிய வண்டிகளில் இந்தப் பாகங்கள் எல்லாம் மாற்றப்பட்டிருக்கின்றன.

இந்தியாவில் நடந்தது

இந்தியா 2022 ஜூனில் 10 வீதக் கலப்பை எட்டியது. 2023 பெப்ரவரியில் ஈ20 விற்பனைக்கு வந்து, 2025ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் அதுவே சாதாரணப் பெற்றோலாகிவிட்டது. கலப்பில்லாத பெற்றோலும் வேண்டும், வாடிக்கையாளருக்குத் தெரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு போனது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அது தள்ளுபடி செய்யப்பட்டது.

எஞ்சின் உடனே கெட்டுவிடும் என்ற பயத்தை அரசாங்கம் மறுத்தது. ஆனால் ஓட்டம் குறையும் என்பதை அரசாங்கத்தின் நிதி ஆயோக் அமைப்பே 2021இல் எழுதியிருக்கிறது. பழைய வடிவமைப்பிலான கார்களுக்கு 6 முதல் 7 வீதம், அதேபோன்ற இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 வீதம் என்பது அதன் மதிப்பீடு. அங்குள்ள மக்களின் பெரிய குறை இதுதான்: ஓட்டம் குறைந்தது, ஆனால் கலந்ததற்காகப் பம்பில் விலை குறைக்கப்படவில்லை.

மறுபக்கத்தையும் நீதியாகப் பார்க்க வேண்டும். மசகு எண்ணெய்க்குக் கொடுக்கும் டொலர் மிச்சமாகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் கிடைக்கிறது என்பது அந்நாட்டு அரசாங்கத்தின் வாதம். 2022இல் டொலர் இல்லாமல் வரிசையில் நின்ற நாம் இந்த வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. பிரேசில் 1975 முதல் இந்த வழியில் போய், 2025 ஓகஸ்டில் 30 வீதக் கலப்புக்கு வந்துவிட்டது. அங்கே வண்டிகளையும் அதற்கேற்பச் செய்கிறார்கள்.

ஊவாவுக்கு என்ன சம்பந்தம்?

இந்தியாவைப் போல 20 வீதம் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இலங்கையில் இல்லை. ஷெட்டில் நம்முன் இருக்கும் தெரிவு 92 ஒக்டேனா, 95 ஒக்டேனா என்பதே. இதிலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 95 என்றால் சக்தி கூடிய பெற்றோல் என்று பலர் நினைக்கிறார்கள். ஒக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் அளவுதான். 92 போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கும் எஞ்சினுக்கு 95 அடிப்பது பெரும்பாலும் வீண் செலவு.

ஆனாலும் எதனோல் நமக்குத் தூரத்து விடயமல்ல. நமது மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில் பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சீனி எடுத்த பின் மிஞ்சும் பாகிலிருந்து அங்கே எதனோல் வடிக்கிறார்கள். உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்றுவதற்காக 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதி நிறுத்தப்பட்டது. இன்று அது பெரும்பாலும் போவது மதுபானத் தொழிலுக்கு. நாளை எரிபொருளுக்குக் கலப்பது என்று யாராவது முடிவெடுத்தால், கரும்பும் சோளமும் விளையும் மொனராகலையின் பெயர்தான் முதலில் அடிபடும். இந்தியாவில் சோளம் எதனோலுக்குப் போனதால் தீன் விலை ஏறிவிட்டது என்று கோழிப் பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள். தீன் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எதனோல் மதுசாரம்தானே, அதை வண்டிக்கு ஊற்றுவது நமக்கு ஆகுமா என்று கடையில் ஒரு ஹாஜியார் கேட்டார். அது ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி. இந்தப் பத்தியில் வியாபாரப் பக்கத்தை மட்டுமே சொல்கிறேன்.

கணக்கு இப்படித்தான்

வியாபாரி லீற்றரின் விலையைப் பார்ப்பதோடு நிற்கக்கூடாது, ஒரு கிலோமீற்றருக்கு என்ன செலவு என்று பார்க்க வேண்டும். ஒரு வேன் மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறது, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 லீற்றர் தேவை. ஓட்டம் 6 வீதம் குறைந்தால் லீற்றருக்கு 9.4 கிலோமீற்றர்தான் வரும். அப்போது சுமார் 159 லீற்றர் ஆகும். லீற்றர் 300 ரூபாய் என்று எடுத்தால் மாதம் 2,800 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. கலந்த பெற்றோல் லீற்றர் 282 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் இரண்டும் சரிசமம். என்றாவது இங்கே கலப்புப் பெற்றோல் வந்தால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை வீதம் கலப்பு, விலையில் எத்தனை வீதம் குறைவு' என்பதுதான்.

கலப்பு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. ஒடுங்கிய கண்ணாடிப் போத்தலில் ஊசி சிரிஞ்சால் அளந்து 10 மில்லி லீற்றர் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதில் 90 மில்லி லீற்றர் பெற்றோல் ஊற்றி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் கோட்டிலேயே நின்றால் எதனோல் இல்லை. எதனோல் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கி மட்டத்தை உயர்த்தும். ஏறத்தாழ 19 மில்லி லீற்றருக்கு வந்தால் 10 வீதம் கலப்பு, 28க்கு வந்தால் 20 வீதம். திறந்த வெளியில், நெருப்பும் சிகரெட்டும் அண்டாத இடத்தில், பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். மண்ணெண்ணெய்க் கலப்பை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருமகனுக்குச் சொன்ன பதில்

ஈ20 என்ற ஒட்டி, 'இந்த வண்டி 20 வீதம் வரை எதனோலைத் தாங்கும்' என்பதைத்தான் சொல்கிறது. 'எதனோல் இல்லாவிட்டால் ஓடாது' என்று சொல்லவில்லை. கலப்பில்லாத பெற்றோலில் அது தாராளமாக ஓடும். கையேட்டில் குறைந்தது எந்த ஒக்டேன் தேவை என்று பார்த்து அதை அடித்தால் போதும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகு, இந்த ஒட்டியோடு இன்னும் பல இந்திய வண்டிகள் நம் ஊருக்கு வரும். பயப்படத் தேவையில்லை. நாளை இங்கே கலப்பு வந்தாலும் அவன் வண்டிக்குப் பிரச்சினையில்லை. யோசிக்க வேண்டியவன் பழைய வேன் வைத்திருக்கும் நான்தான்.

கையேட்டை விற்பனை நிலையத்திலேயே கேட்டு வாங்கி இருவரும் படித்தோம். மறுநாள் மீதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்தான். இப்போது அதில்தான் தோட்டங்களுக்குச் சாமான் போகிறது.

நானும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வாடகைக்குப் போய் வரும் ஜெனரேட்டரிலும் புல் வெட்டும் மெஷினிலும் இப்போது பெற்றோலைத் தேக்கி வைப்பதில்லை. தாங்கியை வடித்து, காபரேட்டரில் மிஞ்சியது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். அந்தக் கல்யாண வீட்டுக்குப் பிறகு என் ஜெனரேட்டர் இடைநடுவில் நின்றதில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த வீட்டுக்காரர் மட்டும் இன்னும் வேறு இடத்தில்தான் ஜெனரேட்டர் எடுக்கிறார்.