சைலன்சர் நீலமாச்சா, துருப்பிடிச்சுதா? தேய்க்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பார்த்துடலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

கார் பராமரிப்பு பத்தி என்ன பேசலாம்னு கேட்டிருந்தேன். அதுல திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: "சைலன்சர் துருப்பிடிச்சு அசிங்கமா இருக்கு, வீட்டிலேயே பழையபடி ஆக்க முடியுமா?" முடியும். பெரும்பாலும் ஒரு ஞாயித்துக்கிழமை காலை வேலைதான். நான் படிச்சது மெக்கானிக்கல், சோறு போடறது சாப்ட்வேர். அதனால இன்னைக்கு ரெண்டையும் சேர்த்துக்கறேன். லாக் படிக்காம யாரும் பக் ஃபிக்ஸ் பண்ண மாட்டோம் இல்லையா? சைலன்சர்ல இருக்கிற நிறமும் துருவும் அந்த லாக் மாதிரி. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடணும். ஏன்னா சில துரு அழகுப் பிரச்சினை, சில துரு உயிர்ப் பிரச்சினை.

முன்னாடி நிறம், பின்னாடி துரு

நம்ம ஊர்ல எஞ்சினிலிருந்து பின் பம்பர் வரைக்கும் வர்ற மொத்தக் குழாயையும் சைலன்சர்னுதான் சொல்றோம். ஆனா அந்தக் குழாய் முழுக்க ஒரே சூடு கிடையாது. எஞ்சினுக்குப் பக்கத்துல பல நூறு டிகிரி போகும். பின்னாடி வர வர சூடு குறையும். அதனால எஞ்சின் பக்கம் நிறம் மாறும், வால் பக்கம் துருப்பிடிக்கும். பார்க்க ஒரே அழுக்கு மாதிரி தெரிஞ்சாலும் இது ரெண்டும் வேற வேற விஷயம்.

முதல்ல நிறம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய ஆக்சைடு படலமாக உலோகத்தை மூடிக்கொள்கிறது. சூடு ஏற ஏற அந்தப் படலம் தடிமனாகும். படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதுவதால் நிறம் தெரிகிறது. மழைத் தண்ணி மேல எண்ணெய் மிதந்தா வானவில் தெரியுமே, அதே கதைதான். 304 வகை ஸ்டீல்ல சுமார் 300 டிகிரி செல்சியஸில் வெளிர் மஞ்சள், 400ஐத் தாண்டினா பழுப்பும் ஊதாவும், 550 பக்கம் நீலம். எவ்வளவு நேரம் சூடா இருந்துச்சுங்கறதைப் பொறுத்து இது கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்.

அதனால நீலம்ங்கறது கெட்டுப்போன அடையாளம் இல்லை, சூட்டின் பதிவு. பல வருஷமா மெல்ல மெல்ல வந்த நீலத்துக்குக் கவலைப்பட வேண்டாம். திடீர்னு ஒரே மாசத்துல வந்திருந்தா, எஞ்சின் வழக்கத்தைவிட சூடா ஓடுது. பெட்ரோலுக்குக் காற்று அதிகமாகப் போறதும் ஒரு காரணமா இருக்கலாம். முதல்ல மெக்கானிக்கைப் பாருங்க, பாலிஷ் அப்புறம்.

துரு உள்ளேயிருந்தும் வரும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உருவாகுது. பெட்ரோல்ல இருக்கிற ஹைட்ரஜன் ஆக்சிஜனோட சேர்ந்து நீராவியா வெளியே போகுது. வண்டி நல்லா சூடாகி ஓடினா அந்த ஆவி வெளியேறிடும். ஆனா வீட்லேர்ந்து மார்க்கெட், மார்க்கெட்லேர்ந்து வீடுன்னு ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடற வண்டியில பின் பெட்டி சூடாகவே ஆகாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணியா தேங்கிடும். அதனாலதான் கம்மியா ஓட்டின கார்ல சைலன்சர் சீக்கிரம் அரிச்சுப் போறதைப் பார்க்கிறோம்.

சில சைலன்சர் பெட்டிக்கு அடியில கம்பெனியே ஒரு சின்ன துளை விட்டிருக்கும். அந்தத் தண்ணி வடியத்தான் அது. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்தா பயப்படாதீங்க. அந்தத் துளையை ஓட்டைன்னு நினைச்சு பூசி அடைச்சுட்டா பெட்டி இன்னும் வேகமா அரிக்கும்.

வெளியே கடல் காத்து தன் வேலையைச் செய்யும். எங்க அப்பாவோட கார் பெசன்ட் நகர்ல தெருவிலேயேதான் நிக்குது. கடல் நடந்துபோற தூரம். காத்துல வர்ற உப்பு உலோகத்து மேல ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அந்த ஈரத்துல மின்சாரம் சுலபமா ஓட வழி பண்ணும். துருவே ஒரு மின்வேதி வினைங்கறதால அதன் வேகம் கூடிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயத்துல தண்ணியில நின்ன வண்டிகளுக்கும் இது பொருந்தும்: சேறும் ஈரமும் அடியில ஒட்டிக்கிட்டு இருந்தா அரிப்பு நிக்காது.

இன்னொரு வித்தியாசம் முக்கியம். குரோமியம் ஆக்சைடு உலோகத்தோட ஒட்டிக்கிட்டுக் காவல் காக்கும். இரும்புத் துரு உப்பிப் பெருத்து, செதில் செதிலா உதிர்ந்து, அடியில புது இரும்பைத் திறந்து விட்டுடும். நிறமாற்றம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். துரு நிற்காது.

முதல்ல மூணு சோதனை

வண்டி குறைஞ்சது ரெண்டு மூணு மணி நேரம் நின்னு முழுசா ஆறியிருக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே கூடாது, ஜாக் ஸ்டாண்ட் வச்சே ஆகணும். இல்லன்னா பட்டறையில லிஃப்ட்ல ஏத்திப் பார்க்கச் சொல்லுங்க.

ஒண்ணு, தட்டிப் பார்க்கறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால பெட்டியையும் குழாயையும் லேசா தட்டுங்க. கணீர்னு கேட்டா உலோகம் இருக்கு. மொத்மொத்னு கேட்டாலோ, உள்ளே செதில் கொட்டற சத்தம் வந்தாலோ உள்பக்கம் அரிச்சிருக்கு. துருப்பிடிச்ச இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால அழுத்துங்க. உள்ளே அமுங்கினா அங்க பெயிண்டுக்கு வேலை இல்லை.

ரெண்டு, கரியைத் தேடறது. வெல்டிங் போட்ட இடத்திலும் இணைப்பு ஓரத்திலும் கருப்பா புகை படிஞ்சிருந்தா வாயு அந்த வழியா வெளியே வருதுன்னு அர்த்தம்.

மூணு, கேட்டுப் பார்க்கறது. இதைத் திறந்த வெளியில மட்டும் செய்யணும். வண்டி தரையிலேயே இருக்கட்டும், நியூட்ரல்ல வச்சு ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணட்டும். நீங்க தடிமனான கையுறை போட்டு, மடிச்ச துணியால வால் குழாய் வாயை ரெண்டு மூணு நொடி மட்டும் தளர்வா மறையுங்க. அப்போ நடுவுல எங்கிருந்தாவது "உஸ்ஸ்"னு சத்தம் வந்தா ஒழுக்கு இருக்கு.

இதுல ஏதாவது ஒண்ணு தப்பா இருந்தாலும் அழகு வேலையை நிறுத்திட்டு வெல்டிங்குக்கோ புது சைலன்சருக்கோ போகணும். புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, தலைசுத்தல், குமட்டல்னு ஆரம்பிக்கும். தூங்கிட்டு இருந்தா அதுவும் தெரியாது. கல்யாண மண்டப வாசல்ல, ஏர்போர்ட் பார்க்கிங்ல ஏசியைப் போட்டுட்டு டிரைவர் அண்ணன்கள் தூங்கறதைப் பார்த்திருப்பீங்க. ஓடற வண்டியில ஒழுகற புகை பின்னாடி போயிடும். நிக்கிற வண்டியில அது அடியிலேயே தேங்கி, தரைத்தகட்டுல இருக்கிற சின்ன இடைவெளி வழியா உள்ளே ஏறும். ஏசியை ரீசர்குலேஷன்ல வச்சாலும் இதைத் தடுக்க முடியாது. சைலன்சர் நல்லா இருந்தாலுமே எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கற பழக்கம் வேண்டாம்.

நிறம் மாறின ஸ்டீலும் குரோமும்

சோதனையில பாஸ் ஆயிடுச்சுன்னா இனி சந்தோஷமான பகுதி. முதல்ல சோப்புத் தண்ணியில சேறு, எண்ணெய், தார் எல்லாம் போக நல்லா கழுவுங்க. எண்ணெய்ப் பிசுக்கு மேல பாலிஷ் போட்டா அழுக்கைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருப்போம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா மெட்டல் பாலிஷ், பனியன் துணி, பொறுமை, இந்த மூணும் போதும். மஞ்சளும் பழுப்பும் சீக்கிரம் போயிடும், அடர் நீலத்துக்கு ரெண்டு மூணு சுற்று வேணும். போகலைன்னா பச்சை நைலான் நாரால ஒரே திசையில தேய்ச்சுட்டு அப்புறம் பாலிஷ். வட்டமா தேய்ச்சா கீறல் தெரியும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதோட துகள் ஸ்டீல்ல சிக்கி, அடுத்த மழைக்கு அதுவே துருப்புள்ளியா நிக்கும்.

பைக் பெண்ட் பைப், சில கார்களோட வால் முனை எல்லாம் குரோம் பூச்சு. இதுல மேல இருக்கிற குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அடியில நிக்கல். அதனால எமரி தாள் பக்கமே போகாதீங்க. சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில நனைச்சு, மெதுவா தேய்ங்க. அலுமினியம் குரோமைவிட மெத்து, அதனால கீறாது. துருப்புள்ளி மட்டும் கழண்டு வரும். துடைச்சுக் காயவச்சு மெழுகு பூசலாம். குரோமே உரிஞ்சிருந்தா தேய்க்கறதால திரும்ப வராது, பிளேட்டிங் கடைதான்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும்: சூடு மாறலைன்னா நீலம் திரும்ப வரும். நீங்க அழிச்சது படலத்தை மட்டும்தான்.

துருவுக்கு மேல பெயிண்ட்

சாதாரண இரும்புக் குழாய்னா வயர் பிரஷ்ஷால செதில் துருவை எடுத்துட்டு, 120 எமரி, அப்புறம் 220 எமரி. பளபளப்பு வரணும்னு இல்லை, கையால தடவினா தூள் வரக்கூடாது. அலுமினியம் பூசின ஸ்டீல்னா துருப்பிடிச்ச இடத்தை மட்டும் தேய்ங்க, நல்லா இருக்கிற பூச்சைச் சுரண்டாதீங்க. கடைசியில தின்னர்ல துடைச்சுக் காயவைங்க.

பெயிண்ட் கடையில 600 டிகிரி தாங்கற சிலிகான் ஹீட் பெயிண்ட்னு கேளுங்க. சாதாரண ஸ்ப்ரே சில நாள்லயே கருகி உதிரும். சாதாரண பிரைமரும் அப்படித்தான், அதுக்கு மேல அடிச்ச நல்ல பெயிண்டையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். ஆக்சிஜன் சென்சார், ரப்பர் ஹேங்கர், வளையும் பெல்லோஸ் குழாய், வடியும் துளை, இது நாலையும் மறைச்சுக்கணும். தடிமனா ஒரு கோட் அடிக்காம மெல்லிசா ரெண்டு மூணு கோட், நடுவுல பத்து நிமிஷம் இடைவெளி.

பலரும் தவறவிடற படி இதுக்கு அப்புறம்தான். இந்தப் பெயிண்ட் காத்துல காய்ஞ்சா மட்டும் பத்தாது, சூட்டுலதான் இறுகும். முதல்ல கொஞ்ச நேரம் ஐடில்ல ஓடவிட்டு ஆறவிடுங்க. அடுத்து இன்னும் கொஞ்சம் அதிகமா, திரும்ப ஆறவிடுங்க. அப்புறம் ஒரு முழு ஓட்டம். நேரக் கணக்கு டின்லயே போட்டிருக்கும். புகையும் நாத்தமும் வரும், அதனால திறந்த வெளியில செய்யுங்க.

இதெல்லாம் வேண்டாம்

டாய்லெட் ஆசிட் ஊத்தினா பளிச்னு ஆகும்னு யாராவது சொல்வாங்க. அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். குரோமைக் கரைக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஊசிமுனை அளவுக் குழிகளைத் தோண்டும். அது பிளீச்சிங் பவுடரோட கலந்தா குளோரின் வாயு வரும். துணி மாதிரி சுத்தற ஹீட் ராப்பும் நம்ம மழைக்காலத்துக்கு நல்லதில்ல, ஈரத்தைப் பிடிச்சு வச்சு உள்ளேயே அரிக்கும்.

கடைசியா, செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வருஷக் காரோட அடிப்பக்கமெல்லாம் மண்ணும் பழுப்புமா இருந்து, சைலன்சர் மட்டும் புதுசா வெள்ளி நிறத்துல மின்னினா சந்தோஷப்படாதீங்க. புது சைலன்சர் போட்டிருந்தா பில் காட்டுவாங்க. இல்லன்னா யாரோ லாக்கை அழிச்சிருக்காங்க. மேல சொன்ன மூணு சோதனையையும் பண்ணிட்டு அப்புறம் விலை பேசுங்க.

உங்க வண்டியில பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்து அனுப்புங்க. தட்டினப்போ என்ன சத்தம் வந்துச்சுன்னும் ஒரு வரி எழுதுங்க.