மேசை மேல் ஒரு ரயில் - 7: சரக்கு இறங்கும், காலி ஏறும்

பரம்பிக்குளத்துத் தேக்கு சாலக்குடிக்கு இறங்கி வந்த பாதையைத்தான் மேசை மேல் கட்டிக்கொண்டிருக்கிறேன். கொச்சி சமஸ்தானம் 1907-இல் ஓடவிட்ட காட்டு டிராம்வே அது. சுமார் 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். 1963-இல் மூடிவிட்டார்கள். இன்று பரம்பிக்குளம் போகிறவர்கள் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று நம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு மீட்டர் கேஜ் புதிதா என்ன? 2004 வரை கடற்கரை மின்ரயில் அதில்தானே ஓடியது! 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்த ஒரு மீட்டர் பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் விற்பது 12. அந்த அரை மில்லிக்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

மரத்துக்கு நான் கடைக்கே போகவில்லை. கோவளம் சவுக்குத்தோப்பில் பொறுக்கிய சுள்ளிகள் இருக்கின்றன. ஆறு மீட்டர் தடி இங்கே 69 மி.மீ. வெட்டுமுகத்தில் ஓரமாக வெளிர் வளையம், நடுவே பழுப்பு வைரம் என்று தீட்ட வேண்டும். முனையில் ஊசி பருமனுக்கு ஒரு துளை. யானை இழுக்கச் சங்கிலி கோத்த துளை அது. அது இல்லாத தடி விறகுக்கட்டைதான். உப்புக்காற்றுதான் தொல்லை. இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் தண்டவாளம் மங்கி, இன்ஜின் திக்கித் திக்கி நின்றுவிடும்.

ஆனால் இந்த ரயிலில் எனக்குப் பிடித்தது இன்ஜின் அல்ல, சரிவுதான். இன்ஜினால் ஏற முடியாத செங்குத்தில் அது இல்லாமலே காரியம் நடந்தது. உச்சியில் பிரேக் போட்ட ஓர் உருளை, அதில் சுற்றிய கம்பி வடம். தேக்கு ஏற்றிய வண்டி தன் பாரத்தாலேயே ஒரு பக்கம் இறங்க, மறுமுனையில் காலி வண்டி தானாக மேலே ஏறிவரும். நிலக்கரிச் செலவில்லை. கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டி இறைத்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

அதை அப்படியே செய்துவிடலாம் என்று நூல் கட்டினேன். தடி ஏற்றிய வண்டி உச்சியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு சுருங்கினால் எடை ஆறரை லட்சம் மடங்கு சுருங்கிவிடுகிறது. பத்து டன் வண்டி இங்கே 15 கிராம். அச்சின் உராய்வோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. விரலால் சுண்டினேன், வண்டி தடம் புரண்டு, தடிகள் கட்டிலுக்கடியில் போய்விட்டன.

மலைக்கு அடியில் ஒரு சின்ன கியர் மோட்டாரை ஒளித்து வைத்தேன். இப்போது வண்டி பதவிசாக இறங்குகிறது, காலி ஏறுகிறது. எதிர்வீட்டுப் பையன் குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

"மலையே இழுக்கும்னு சொன்னீங்களே அண்ணா, உள்ள மிக்ஸி ஓடுது?"

அடுத்த வாரம் பஞ்சு வைத்துச் சத்தத்தை அடைக்க வேண்டும்.