கார்ட்டுக்குச் சுருதி சேர்க்கிறார்கள்

முசிறி என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். மயிலாப்பூரில் முன்பு ஆலிவர் ரோடு என்று வழங்கிய வீதிக்கு இன்று அவர் பெயர்தான். அப்பேர்ப்பட்ட ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு மோட்டார் பந்தயத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதலாம். தம்புராவில் சுருதி பிசகியிருந்தால் எந்த வித்வானுக்கும் கச்சேரி களை கட்டாது. பந்தயக் கார்ட் என்கிற குட்டி வண்டியின் சங்கதியும் அதேதான். சுருதி சேராத கார்ட்டை எவ்வளவு பெரிய சூரர் ஓட்டினாலும் அது வளைவில் முரண்டு பிடிக்கும்.

முசிறியில் கார்ட் பந்தயத் தளம் கிடையாது. அந்த ஊர்ப் பெண்ணுக்கோ பையனுக்கோ ஆசை வந்துவிட்டால் காவிரிப் பாலம் தாண்டி, குளித்தலை, கரூர் வழியாகக் கோயமுத்தூருக்கு அருகே செட்டிபாளையம் போகவேண்டும். அங்கேதான் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1995-இல் விமான விபத்தில் மறைந்த கோவைப் பந்தய வீரர் கரிவர்தனின் ஞாபகார்த்தமாக வைத்த பெயர் அது. இல்லாவிட்டால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை. கார்ட்டுகளுக்கென்றே அங்கே 2024-இல் ஒரு தனித் தளம் திறந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போய், காசைக் கட்டி, குழந்தையின் தலையில் கவசத்தை மாட்டிவிட்டு, வேலிக்குப் பின்னால் தாயார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுற்று முடிந்து வந்த குழந்தை கண் கலங்கச் சொல்கிறது: "திரும்பவே மாட்டேங்குதும்மா!"

"எஞ்சின் சரியில்லை. வேறே வாங்கணும்" என்கிறார் தகப்பனார்.

"பிள்ளைக்குத் தைரியம் போதாது" என்று தீர்ப்புச் சொல்கிறார் கூட வந்த மாமா.

அவசரப்படாதீர்கள். அநேகமாக இரண்டுமே தவறு. ஒரு ஸ்பானரும், மோதிரம் போன்ற இரண்டு சிறிய வளையங்களும், கால் மணி நேரப் பொறுமையும் இருந்தால் தீர்ந்துபோகிற வியாதியாக அது இருக்கலாம். எஞ்சின் விலையையும் குழந்தையின் மனசையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், அந்தக் கால் மணி நேரம் ரொம்ப மலிவு.

முதலில் இந்த வண்டியின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்ளலாம். 1956-இல் அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியாவில், பந்தயக் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்துவந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, புல்வெட்டும் யந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி, முதல் கார்ட்டைச் செய்தார். எத்தனையோ மாறியும் இரண்டு விஷயங்கள் இன்றுவரை மாறவில்லை. பந்தயக் கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. டிஃபரென்ஷியலும் கிடையாது.

இந்த இரண்டாவது இல்லாமைதான் எல்லா வம்புக்கும் காரணம். முசிறிச் சாலையில் போகும் மாட்டு வண்டியைப் பாருங்கள். அதன் இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியே சுழலும். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் உருளும், உள்சக்கரம் குறைவாக உருளும், சண்டையே இல்லை. மோட்டார் காரில் அந்த உபகாரத்தை டிஃபரென்ஷியல் செய்கிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு, முட்டுக்கட்டை போடுகிறவர் எந்தச் சக்கரத்தின் மேல் கண்ணாக இருக்கிறார் என்பதும் தெரியும். கார்ட்டிலோ பின் சக்கரம் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பூட்டியவை. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுத்தான் சுற்றும்.

இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சுமார் 1.2 மீட்டர் இடைவெளி. வண்டி முழுசாகத் திரும்பி எதிர்த்திசையில் போவதற்குள் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய மூன்றே முக்கால் மீட்டர் அதிகம் ஓடவேண்டும். வளைவு சின்னதானாலும் பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. பூட்டிய சக்கரங்களுக்கு இது எப்படிச் சாத்தியம்? ஒரே உபாயம்தான். திரும்பும் நேரத்தில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு மயிரிழை தூக்கிக்கொள்ளவேண்டும்!

தூக்குவது யார்? ஓட்டுகிறவரின் கைதான். சைக்கிளின் முன் கவை சாய்ந்திருக்கிறதல்லவா? அதுபோலக் கார்ட்டின் முன்சக்கர முளைகளையும் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தச் சாய்மானத்துக்குக் கேஸ்டர் என்று பெயர். ஸ்டீரிங்கைத் திருப்பினால் உள்பக்கத்து முன்சக்கரம் கீழ்நோக்கி அழுந்தும். வீட்டில் நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டையை வைத்துப் பாருங்கள். பக்கத்துக் கால்களில் ஒன்று அந்தரத்தில் ஆடும். வளைவில் பாரமெல்லாம் வெளிப்பக்கம் சாய்வதால், ஆடுகிற அந்தக் கால் உள்பக்கத்துப் பின்சக்கரமாக அமைகிறது. குழாய்ச் சட்டமும் கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து உதவி செய்கிறது. ஸ்பிரிங் இல்லாத வண்டிக்கு அந்தச் சட்டமே ஸ்பிரிங்.

இனி வைத்தியம். "திரும்ப மாட்டேங்குது" என்றால், முன்சக்கரம் பிடிக்காமல் வண்டி நேரே ஓடப் பார்க்கிறது என்று அர்த்தம். பந்தயக்காரர்கள் இதை அண்டர்ஸ்டீர் என்பார்கள். பெரும்பாலும் உள்பக்கத்துப் பின்சக்கரம் போதிய அளவு எழவில்லை. இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து வண்டியை முன்னால் தள்ளுகின்றன. முன்சக்கரத்தின் வெளிப்புறம் இருக்கும் ஸ்பேஸர் வளையத்தைக் கழற்றி உள்புறம் போட்டால் முன்பக்க அகலம் கூடும். நெம்புகோல் நீண்டால் பாரம் லேசாகத் தூக்கும் அல்லவா? பின்சக்கரமும் அப்படியே எழும். கேஸ்டரைக் கொஞ்சம் கூட்டினாலும் அதே பலன். ஆனால் ஸ்டீரிங் கனத்துப் பிஞ்சுக் கைகள் வலிக்கும். குழந்தைகள் விஷயத்தில் வளையத்தை மாற்றுவதே முதலில் செய்யத்தக்கது என்பது என் கட்சி.

மற்றொரு வியாதி வால் வீசுவது, ஓவர்ஸ்டீர். பின்பக்கம் வழுக்கி வண்டி சுழலப் பார்க்கும். இதற்கு முன்பக்கத்தை ஒரு வளையம் குறுக்குவார்கள். அல்லது பின் ஹப்புகளைத் தளர்த்தி, டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் சமமாகச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளுவார்கள். மூன்றாவது ஒன்று உண்டு: பிடிமானம் அளவுக்கு மீறிப்போய் வண்டி வளைவில் தவளை போலத் துள்ளும், எஞ்சின் முக்கும். அப்போது பின்பக்கத்தை அகலப்படுத்தவேண்டும், இருக்கையைத் தாழ்த்தவேண்டும்.

ஆனால் வளைவில் எந்த இடத்தில் தொந்தரவு என்று முதலில் கேட்கவேண்டும். நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா? "எங்கே வலிக்கிறது?" என்று கேட்காத வைத்தியர் உண்டா! சோர்ந்துபோன குழந்தையிடமிருந்து அதற்குச் சரியான பதிலை வாங்கும் சாமர்த்தியம் மெக்கானிக்கைவிடத் தாயாருக்கு அதிகம்.

இருக்கை என்றேனே, அதை அலட்சியமாக நினைக்கவேண்டாம். வண்டியின் எடை எண்பது கிலோவுக்கு அக்கம்பக்கம். பெரியவர் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி அவரே! ஆகையால் இருக்கையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவது சாமானியக் காரியமல்ல. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு வைத்து, முன்பக்கம் நூற்றுக்கு 43 பங்கு, பின்பக்கம் 57 பங்கு என்று வருகிற மாதிரி தொடங்குவது வழக்கம். குழந்தை வளர வளர இந்தக் கணக்கும் மாறும். போன வருஷம் பாவாடையை நீளம் பார்த்தது போல இதையும் பார்க்கவேண்டியதுதான்.

டயர்க் காற்று இன்னொரு பெரிய சமாசாரம். ஸ்கூட்டர் டயரோடு ஒப்பிட்டால் கார்ட் டயருக்குக் காற்று மிகக் குறைவு. ஒரு பவுண்டு ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் தெரியும். காலையில் தளம் குளிர்ந்து, தூசி படிந்து, வழுக்கலாக இருக்கும். பகல் ஏற ஏற, ஓடிய டயர்களின் ரப்பர் தரையில் ஒட்டிப் பிடிமானம் கூடும். காலையில் தேன்போலத் திரும்பிய வண்டி மத்தியானம் துள்ளுவதன் மர்மம் இதுதான். மழை பெய்தாலோ எல்லாம் தலைகீழ். ஈரத் தரையில் பிடிமானமே இல்லாததால் முன்பக்கத்தை முடிந்தவரை அகட்டி, பின்பக்கத்தைக் குறுக்கி, இருக்கையை உயர்த்தி, எப்பாடு பட்டாவது அந்த உள்சக்கரத்தை எழுப்பப் பார்க்கிறார்கள்.

இத்தனையிலும் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும். சாம்பாரில் உப்பும் புளியும் காரமும் ஒரே சமயத்தில் கூட்டிவிட்டு, எதனால் கெட்டது என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு வளையம் மாற்று, ஐந்து சுற்று ஓட்டு, நேரத்தைக் குறி. பால் கணக்கு எழுதும் நோட்டு மாதிரி ஒன்று போதும். தேதி, வெயிலா மழையா, காற்று எத்தனை பவுண்டு, முன் அகலம், பின் அகலம், சுற்று நேரம், குழந்தை சொன்னது. இதற்கெல்லாம் முன்னதாக, அச்சு வளைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா, சட்டத்தின் பற்றவைப்பில் விரிசல் உண்டா என்று பார்ப்பது அவசியம். உடைந்த தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பார் உண்டா?

இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயம் வரை போனவர்கள் இதுவரை இரண்டே பேர். 2005-இல் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன், 2010-இல் சென்னைக் கருண் சந்தோக். இரண்டு பேரும் நம் பக்கத்துப் பிள்ளைகள். உலகத்தில் செனா, ஷூமாக்கர், ஹாமில்டன் எல்லோரும் கார்ட்டில் தொடங்கியவர்களே. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லாவும் சிறு வயதில் கார்ட் ஓட்டி, பிறகு மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போனவர். ஆகவே இது ஆண்பிள்ளைகளின் ஏகபோகம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

பெண்களுக்கென்று தனியே ஒன்று சொல்லவேண்டும். இவ்வளவு நேரம் பேசிய அந்தப் பின் அச்சு, இருக்கைக்குப் பின்னாலேயே சுழல்கிறது. 2018-இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020-இல் ஹைதராபாத்திலும், பொழுதுபோக்காகக் கார்ட்டில் ஏறிய இளம்பெண்கள் நீண்ட கூந்தல் சிக்கி உயிரிழந்தார்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் வாடகைக் கார்ட்டில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன், பின்னலை மடித்துக் கட்டி, தலைக்கவசத்துக்குள்ளோ மேல்சட்டைக்குள்ளோ முழுவதும் செருகிவிடுங்கள். துப்பட்டாவைக் கழற்றி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுக்கு மேல் மூடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால், டிக்கெட் வாங்கியிருந்தாலும் சரி, ஏறவிடாதீர்கள்.