மீனைக் கொல்லாமல் ஒரு சோதனை!



குற்றாலத்தில் எங்கப்பாவுக்கு ஒரு பெட்டிக்கடை. முன்பு சோப்பு, ஷாம்பு, எண்ணெய்தான் வியாபாரம். 2014-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அதன்பின் துண்டும் பனியனும் விற்றுத்தான், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக என்னைப் படிக்க வைக்கிறார். ஆனாலும் மனக்குறை தீரவில்லை. "ஏல, சோப்பு நுரையில மீனு செத்து மிதந்து நீ பாத்திருக்கியா?" என்று இன்றும் கேட்பார். நான் பார்த்ததில்லைதான். அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

நம் லேபில் கம்பியின் வலிமையை அறிய அதை இழுத்து அறுக்கிறோம். பாலத்தில் போட்ட வெல்டிங்கை அப்படி அறுத்துப் பார்க்க முடியுமா? அல்ட்ராசானிக் சோதனைதான் செய்கிறோம். மீனுக்கும் அதே கதைதான். மீனைக் கொன்று ஈரலை எடுத்துச் சோதிப்பது பழைய வழி. தாமிரபரணிப் படுகைக்கே உரிய ஒரு கெண்டை இனத்தை 1954-இல் சைலாஸ் என்ற அறிஞர் விவரித்தார். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ளது. அதில் இருபதைக் கொன்றுவிட்டு, "நலமா?" என்று கேட்பது நியாயமா?

கொல்லாத வழி இதுதான். கிராம்பு எண்ணெய் சிறிது கலந்த நீரில் விட்டால் மீன் மயங்கும். (நம் நாட்டுக்குக் கிராம்பு மரம் வந்ததே, 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட தோட்டத்தின் வழியாகத்தான்!) வால் பக்க இரத்தக் குழாயில் மெல்லிய ஊசியால் சில துளி இரத்தம் எடுப்பார்கள். நல்ல நீரில் தெளிந்ததும் மீனை ஆற்றிலேயே விட்டுவிடலாம்.

இரத்தம் என்ன சொல்லும்?

ஒன்று: நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை, மீனுக்கு உண்டு. மரபுப்பொருளைச் சிதைக்கும் நச்சு பட்டால், செல் பிரியும்போது ஒரு துண்டு விடுபட்டு, குட்டி உட்கருவாகத் தனியே நிற்கும். சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் ஆயிரக்கணக்கான செல்களைப் பார்த்து எண்ண வேண்டும். பொறுமை வேண்டும்!

இரண்டு: முட்டையின் கருவுக்காகப் பெண் மீன் தயாரிக்கும் புரதம் வைட்டெலோஜெனின். ஆண் மீனில் அது ஏறியிருந்தால், பெண் ஹார்மோன் போல நடிக்கும் பொருள் நீரில் கலந்திருக்கிறது என்று பொருள். சிலவகைச் சலவைப் பொருட்கள் சிதைந்து உண்டாகும் நோனைல்ஃபீனால் அப்படிப்பட்டது. பிரிட்டனில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்ற நீரில் கூண்டில் விட்ட ஆண் டிரவுட் மீன்களில் இப்புரதம் ஏறியதை 1994-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மீன்கள் செத்து மிதக்கவில்லை!

அப்பாவிடம் சொன்னேன்: "செத்து மிதக்குறது கடைசிக் கட்டம்ப்பா. அதுக்கு முன்னாடியே ரத்தம் சொல்லிரும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ, கெடுத்தது சோப்பா, ஊர்ச் சாக்கடையா, வயல் மருந்தான்னும் சொல்லுமால?"

நல்ல கேள்வி! குட்டி உட்கரு காய்ச்சல்மானி மாதிரி. காய்ச்சல் உண்டு என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அருவிக்கு மேலே, அருவிக்குக் கீழே, தென்காசிக்குக் கீழே என்று சிற்றாற்றின் மூன்று இடங்களில் ஒரே இன மீன்களை, சாரல் காலத்திலும் வெயில் காலத்திலும் ஒப்பிட வேண்டும். நீரையும் கூடவே சோதிக்க வேண்டும். அப்போதுதான் பழி யார்மீது என்பது தெளியும்.

மீன் உயிரோடு இருந்தால்தானே, அடுத்த சீசனிலும் அதனிடம் போய்க் கேட்க முடியும்!