நான்கு இலக்கக் கல்வெட்டு

தமிழ் கற்பிப்பவனுக்கும் மோட்டார் வண்டியின் ரயருக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு பழையது. உப்பு ஏற்றிச் சென்ற உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியுமாயின் என் செய்வது என்று எண்ணி, வண்டியின் கீழ் வேறோர் அச்சினைக் கட்டிச் சென்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடவந்த ஔவையார் அவனுக்கு அந்தச் சேமவச்சையே உவமையாக்கினார். புறநானூற்றின் 102ஆம் பாட்டு அது. வண்டியை நம்பி வழிச்செல்வோர் கெடுதல் நேருமுன்னரே அதனை எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை. நாமும் உப்பு விளையும் மன்னார்க் கரையில் வாழ்வோர்; எங்கள் வான்களின் பின்புறத்திலும் ஒரு மேலதிக உருளை தொங்குகின்றது. ஆனால் அந்த உருளைக்கு என்ன வயது என்று கேட்டறிந்தவர் எத்துணைப் பேர்? 2023ஆம் ஆண்டு வரை நானும் கேட்டவனல்லேன்.

அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த ஒரு பேச்சுப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் பதினொருவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. தோட்டவெளியில் வான் வைத்திருக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர், எண்ணெய்ச் செலவு மட்டும் தந்தாற் போதும் என்றார். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்ட பின்பு மன்னாரிலிருந்து பூநகரி வழியே யாழ்ப்பாணம் செல்வது எளிதாயிற்று, நேரான பாதை, வெறுமையான வெளி, சாரதியின் கால் தானாகவே வேகத்தை மிதிக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, காற்றுப் பார்ப்பதற்காக வீதியோரத்து ரயர்க் கடையில் வானை நிறுத்தினோம்.

கடைக்காரர் காற்று அடித்தார். பின்னர் முன்னுருளையின் அருகே குந்தி, விளக்கைப் பிடித்துக்கொண்டு எதையோ தேடினார். வெளிப்பக்கத்தில் அது அகப்படவில்லை. வண்டிக்கு அடியில் தலையை நீட்டினார்.

"தம்பி, ரயர் வாய்ப்பாய்த்தானே கிடக்கு? பள்ளமெல்லாம் ஆழமாய் இருக்கு," என்றேன்.

"ஐயா, நீங்கள் பள்ளத்தைப் பாக்கிறியள். நான் இலக்கத்தைத் தேடுறன்," என்றார் அவர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் மணலிற் படுத்தேன். கல்வெட்டு வாசிக்கப் பழகிய கண்ணுக்கு அது புதுமையாக இருந்தது. கறுப்பின்மேல் கறுப்பாகப் புடைத்த எழுத்துக்கள், டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு வரி; அதன் ஈற்றில், நீள்வட்டக் கட்டத்தினுள் நான்கு இலக்கங்கள்: 3109. முதலிரண்டும் கிழமையைக் குறிப்பன. பின்னிரண்டும் ஆண்டினைக் குறிப்பன. 2009ஆம் ஆண்டின் 31ஆவது கிழமையில் அந்த ரயர் அச்சிலிருந்து வெளிவந்தது. 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாயின் மூன்றே இலக்கம் இருக்கும். முழு வரியும் ஒரு பக்கத்தில் மட்டும் பொறிக்கப்படுவதால், ரயரை மாட்டுபவர் அப்பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டால், படுத்தெழுந்தாலன்றி அதனை வாசிக்க இயலாது.

போர் முடிந்து மூன்று திங்கள் கூட ஆகாத காலம் அது. போட்டிக்கு வரவிருந்த பிள்ளைகளுட் சிலர் அவ்வாண்டிற் பிறந்தவர்கள். பிள்ளைகளும் ரயரும் ஒத்த வயதினர்!

பழைய ரயர் என்றால் மொட்டை ரயர் என்றே நம்மவர் பலர் கருதுகின்றனர். மொட்டையைக் காண்பது எளிது. வரிப்பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் அமைத்திருப்பார்கள். மேற்பரப்புத் தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டது என்பது பொருள். அதன்மேல் மழையில் ஓட்டலாகாது. ஆனால் தேயாமலே முதுமை எய்தும் ரயரும் உண்டு. இறப்பரை மென்மையாகவும் இழுவையுடையதாகவும் வைத்திருப்பது கந்தகத்தோடு சேர்த்து அவித்த பக்குவம். சாள்ஸ் குட்இயர் 1839இல் கண்ட முறை அது. அப்பக்குவத்தைக் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெப்பமும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. இறப்பர் இறுகி, நொறுங்குந் தன்மை அடைகின்றது. அதைத் தடுப்பதற்கென இறப்பரோடு மெழுகு கலப்பார்கள். ரயர் உருண்டு நெளியும்போது அம்மெழுகு மேலே கசிந்து காவலாகும். ஆகவே ஓடாமல் நிற்கும் வண்டியின் ரயர் ஓடும் வண்டியின் ரயரைக் காட்டிலும் விரைவில் வெடிப்பதுண்டு. "வண்டி ஓடவேயில்லை, ரயர் புத்தம்புதிது" என்று விற்பவர் சொன்னால், அது பாராட்டன்று, எச்சரிக்கை.

இன்னொன்று. உள்ளே எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன; அவற்றை ஒட்டி வைத்திருப்பதும் இறப்பரே. வெளிப்புறம் பளபளப்பாயிருக்க, உள்ளே அந்தப் பிணைப்பு விட்டுப்போகலாம். காற்றுக் குறைந்து, சுமை மிகுந்து, வேகமும் வெயிலும் கூடும் வேளையில் மேற்றோல் பிரிந்து சுழன்று வீசும். மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு கடந்தால் அச்சொடியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதலில் வைத்தார். எங்கள் சாரதிமார் ஏற்றுவது பீலியன்று!

இது வெறும் அச்சமன்று. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களை மீளப்பெற்றது. மேற்றோல் பிரிந்து நேர்ந்த விபத்துகளில் 250க்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். அரிசோனா, ரெக்சாஸ், புளோரிடா முதலிய வெப்ப மாநிலங்களிலேயே அவ்விபத்துகள் மிகுதி என்பதை மன்னார்த் தீவார் கவனித்தல் வேண்டும். அங்கே பழுதுக்கு முதுமை ஒன்றே காரணமன்று. ஆக்கத்திலும் அமைப்பிலும் குறையிருந்தது. முதுமை தனித்து நின்று கொன்ற கதை இங்கிலாந்தினுடையது. 2012 செப்ரெம்பர் 10ஆம் நாள், இசைவிழா ஒன்றிலிருந்து இளைஞரை ஏற்றி லிவர்பூல் நோக்கிச் சென்ற பேருந்தின் முன் ரயர் வெடித்தது. பேருந்து மரத்தில் மோதிச் சாரதியும் பயணிகள் இருவரும் மாண்டனர். ரயரின் வயது 19 ஆண்டுக்கு மேல். பேருந்தைவிட அது மூத்தது. வரிப்பள்ளத்தில் குறையில்லை, அன்றைய சட்டத்திலும் குறையில்லை! மகனை இழந்த தாயொருத்தி ஆண்டுக்கணக்காக வாதாடினார். 2021 பெப்ரவரி முதல், பத்தாண்டு கடந்த ரயரைப் பேருந்து, லொறி ஆகியவற்றின் முன்னச்சில் மாட்டுதல் அந்நாட்டில் குற்றமாயிற்று. சிறு பேருந்துகளின் ஒற்றை உருளைகளுக்கும் அவ்விதி பொருந்தும். நமது வான் அவ்வினத்தைச் சேர்ந்தது என்பதை நினைவிற் கொள்க. ரயர் செய்வோர் சிலர், ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கொரு முறை அறிந்தவரிடம் காட்டுக என்றும், பத்தாண்டில் பார்வைக்கு நன்றாயிருப்பினும் மாற்றுக என்றும் அறிவுறுத்துகின்றனர்.

இவையெல்லாம் நான் பின்னர் வாசித்தறிந்தவை. அன்று மாலை என்முன் நின்றது ஒரு மனிதரின் முகம்.

"ஐயா, சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரம் வாங்கின ரயர். இன்னும் இரண்டு வருசம் ஓடும் எண்டு சொல்லித்தான் தந்தவன்," என்றார் வான்காரர்.

அவர் சொன்னதிற் பொய்யில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இருந்த பழைய வண்டிகளே இந்நாட்டின் சுமையை இழுத்தன. 2022இல் டொலருக்கு இருநூறளவில் நின்ற ரூபாய் சில திங்களில் முந்நூற்றறுபது வரை வீழ்ந்தது. அந்த ஆண்டில் புது ரயர் வாங்குவது ஏழைக்குக் கனவு. அவர் தென்பகுதிக் கடையொன்றில், பாவித்த ரயர் இரண்டைப் பெருவிலை கொடுத்து வாங்கியிருந்தார். கடைக்காரன் பள்ளத்தைக் காட்டினான், இலக்கத்தைக் காட்டவில்லை.

நான் ரயர்க் கடைத் தம்பியிடம், "நாளைக்குப் போய்வரத் தாங்குமா?" என்று கேட்டேன். அவர் பக்கச்சுவரை அமுக்கிக் காட்டினார். மயிரிழை போன்ற வெடிப்புகள் தலைகாட்டின. "தாங்கினாலும் தாங்கும் ஐயா. மன்னாரிலை அறுவையைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். பிள்ளையளை ஏத்தப்போறியள்." அம்மறுமொழி என்னைத் திகைக்க வைத்தது. ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாது, முடிவை என் மடியில் இட்டுவிட்டார். இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட போக்குவரவு, பதினொரு பிள்ளைகள், பதினொரு தாய்மார்.

"வான் வேண்டாம். பஸ்ஸிலை போவம்," என்றேன்.

வான்காரர் ஒன்றும் பேசவில்லை. திறப்பை எடுத்துக்கொண்டு வண்டியை ஓட்டிச் சென்றார். விடியுமுன் எழுந்து, முதற் பஸ்ஸுக்காக வீதியில் நின்றோம். ஒரு சிறுமி வழியெல்லாம் வாந்தியெடுத்தாள். போட்டி தொடங்கி அரைமணி நேரம் சென்றபின் போய்ச் சேர்ந்தோம். பெற்றோர் சிலர் என்னைக் கடிந்தனர். வான்காரர் கோயில் வாசலிற் கண்டும் காணாதவர்போல் இரண்டு மாதம் நடந்தார். அறிவு சொன்னவனுக்குக் கிடைக்கும் வழக்கமான பரிசு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதுவும் சிறிது செருக்குத்தான்.

அவ்வாண்டின் இறுதியில் ஒருநாள் அவரே ரயர்க் கடைக்கு என்னை அழைத்தார். முன்னுருளை இரண்டுக்கும் புது ரயர் மாட்டியிருந்தார். பாதிப் பணம் கடன். கழற்றிய இரண்டையும் வாளால் அறுத்துப் பார்க்கலாம் என்று கடைத் தம்பி சொன்னார். முதலாவதை அறுத்தபோது எஃகுப் பட்டையின் ஓரத்தில், விரல்நுனி நுழையும் அளவுக்கு இறப்பர் பிரிந்து, கம்பியிலே செந்துரு ஏறியிருந்தது. வான்காரர் நெடுநேரம் அதனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டாவதை அறுத்தபோது ஒரு குறையும் தென்படவில்லை. ஒரே கிழமையிற் பிறந்த இரட்டையருள் ஒன்று மட்டும் நோயுற்றிருந்தது. அந்த முதலாவது ரயர் அன்று யாழ்ப்பாணம் போய்த் திரும்பியிருக்குமா என்பதை வாளும் சொல்லவில்லை.

"உங்களோடை கோவிச்சதுக்கு மன்னியுங்கோ ஐயா," என்றார் அவர். "எனக்கும் தெரியாமல்தான் தம்பி சொன்னனான்," என்றேன்.

அறுத்த துண்டுகளைக் கடற்றொழில் செய்யும் அயலவர் ஒருவர் கேட்டு வாங்கிச் சென்றார். வள்ளம் வள்ளத்தோடு மோதாமலிருக்கத் தொங்கவிடுவதற்காம். இலக்கம் பொறித்த துண்டை மட்டும் வான்காரர் தம்மிடமே வைத்துக்கொண்டார். இப்பொழுது அவருடைய வானில், சாரதி ஆசனத்தின் அருகே, அது ஆணியில் தொங்குகின்றது. புதிதாகப் பாவித்த ரயர் வாங்கப்போகும் சாரதிகள் அவரிடம் வந்து, அதைப் பார்த்து வாசிக்கப் பழகிக்கொண்டு போகின்றனர்.