சூறைக்காற்று வருமுன் முன்பாயைச் சுருட்ட வேண்டும்: சிறிய படகுக்கு ஏற்ற கருவி எது?

சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று பினாங்கு மக்களுக்குப் புதிதல்ல. பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையிலும் காலை வேளையிலும் வரும் இக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும். ஜோர்ஜ் டவுன் கரையோரம் படகில் இருப்பவருக்கு மேற்கு வானத்தின் அடிப்பகுதியைப் பினாங்கு மலை மறைத்துவிடும். பாயைச் சுருக்கக் கிடைக்கும் நேரம் குறைவு.

பழைய முறைப்படி முன்பாயை இறக்க ஒருவர் ஆடும் படகின் முனைக்குப் போக வேண்டும். 'ரோலர் ஃபர்லிங்' கருவி இருந்தால் பின்னால் அமர்ந்தபடியே கயிற்றை இழுக்கலாம். கீழேயுள்ள உருளை சுழல, பாய் முன்கம்பியைச் சுற்றிச் சுருண்டுவிடும்.

இரண்டு வகை

ஒரு வகையில் பாயை முழுதாக விரிக்கலாம் அல்லது முழுதாகச் சுருட்டலாம். விலை குறைவு, கரையோரம் ஓடும் சிறு படகுக்கு அது போதும். மற்றொரு வகையில் முன்கம்பியின் மேல் அலுமினியக் குழல் இருக்கும். இதில் பாயைப் பாதி சுருட்டியும் ஓட்டலாம். லங்காவி வரை போக நினைப்பவருக்கு இதுவே பொருத்தம். பாதி சுருட்டிய பாய் நடுவில் உப்பும் என்பதால், அதன் முன் ஓரத்தில் நுரைப்பட்டை தைப்பது நல்லது.

பணம் கொடுக்குமுன்

படகின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. முன்கம்பியின் தடிமன், நீளம், அதைப் பிணைக்கும் ஊசியின் விட்டம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். பழைய பாய் அப்படியே பொருந்தாது. உயரத்தைக் குறைத்து, குழலுக்குள் நுழையும் பட்டையைத் தைக்க வேண்டும். சுருட்டிய பாய் எப்போதும் வெயிலில் கிடப்பதால் வெளி ஓரத்திற்குக் காப்புத் துணியும் தேவை. இந்தத் தையல் கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பொருத்தும்போது

பாயை ஏற்றும் கயிறு உச்சியில் முன்கம்பியிலிருந்து சுமார் 10 பாகை விலகி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் அது கம்பியைச் சுற்றிக்கொள்ளும். கம்பி அறுந்தால் பாய்மரமே விழலாம். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும். அதற்குக் கூடுதல் சுற்றுகள் தேவை. எனவே உருளையில் நாலைந்து சுற்றுக் கயிறு மிச்சம் இருக்க வேண்டும்.

கயிறு சிக்கினால் வின்ச்சைப் போட்டு இழுக்க வேண்டாம். முதலில் உச்சியைப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் உருளையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புப் பிடித்த கருவி, காற்று வரும் நேரத்தில் சுழலாது.